அசைவுக்குள் ஒளியும் வெட்டு

படப்பிடிப்புத் தளத்துக் காணொளிகளில் பலரும் ரசிப்பது நடிகர்களின் கலகலப்பையும் கிரேன் உயரும் அழகையும்தான். தொழில் கற்க விரும்புகிறவர் பார்க்க வேண்டியது வேறொன்று. நடிகர் நாற்காலியிலிருந்து எழுகிறார். ஷாட் ஓகே. கேமரா இடம் மாறுகிறது, லென்ஸ் மாறுகிறது, விளக்குகள் நகர்கின்றன. பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் மறுபடியும் எழுகிறார். எடுத்ததையே ஏன் திரும்ப எடுக்கிறார்கள்?

எடிட்டர் அந்த அசைவின் நடுவே வெட்டுவதற்காக. பாதி எழுவதை லாங் ஷாட்டிலும் மீதியை குளோஸ் அப்பிலும் காட்ட வேண்டுமானால், இரண்டிலும் அசைவு முழுதாக இருக்க வேண்டும். இந்த உபரியைத்தான் ஓவர்லாப் என்கிறார்கள்.

இந்தத் தந்திரம் பலிப்பதற்கு நம் கண்களே காரணம். அவை நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இடம் தாவுகின்றன. தாவும்போது உண்டாகும் மங்கலை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். திரையில் ஒருவர் எழும்போது நம் கவனம் அவரைத் துரத்துகிறது. அடுத்த ஷாட்டில் அசைவு தொடர்ந்துவிட்டால் இடையில் விழுந்த வெட்டு பெரும்பாலும் உறைப்பதில்லை. வெட்டு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் இத்தகைய வெட்டுகளில் கணிசமானவற்றைத் தவறவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. புதிய கோணத்தை உள்வாங்க மூளைக்குச் சற்று நேரம் வேண்டும். அதனால் பல எடிட்டர்கள் வெட்டுக்குப் பின் இரண்டு மூன்று ஃபிரேம் (பிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப்படம்) அளவு அசைவைத் திரும்பக் காட்டுவார்கள். கணக்குப்படி அது பிழை. கண்ணுக்கு அதுதான் சரளம். கோடம்பாக்கத்தில் பிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில், நொடிக்கு 24 ஃபிரேம் என்பது ஒன்றரை அடி நீளம். மூன்று ஃபிரேம் என்றால் இரண்டேகால் அங்குலம்தான்.

அடுத்து, கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். மெரினா மணலில் இருவர் பேசுகிறார்கள். ஒருவர் வடக்கு நோக்கி, மற்றவர் தெற்கு நோக்கி. காமராஜர் சாலைப் பக்கமிருந்து எடுத்தால் பின்னணியில் கடல். வடக்கே பார்ப்பவர் திரையில் இடப்புறம் பார்ப்பார், மற்றவர் வலப்புறம். ஒருவரை மட்டும் கடல் பக்கமிருந்து எடுத்துவிட்டால் இருவரும் ஒரே திசையில் பார்ப்பார்கள், உரையாடல் அறுந்துவிடும். தளத்தில் யாராவது "லுக் மாறுகிறது" என்று பதறினால் விஷயம் இதுதான். இருவருக்கும் இடையே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டது.

ஒலியும் வெட்டை மறைக்கும். கேட்பவரின் முகம் திரையில் இருக்கும்போதே பேசப்போகிறவரின் முதல் சொல் காதில் விழுந்தால், அவரைப் பார்க்க மனம் தானாகத் திரும்புகிறது. அந்த நொடியில் வரும் வெட்டு, நாமே தலையைத் திருப்பியதுபோல் அமைகிறது. நம் படங்களில் பெரும்பாலும் டப்பிங்கில் வசனம் பதிவாவதால் அதை முன்னும் பின்னும் நகர்த்த வசதியும் அதிகம். எடிட்டரின் கணினித் திரையைக் காட்டும் காணொளி கிடைத்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள்: உரையாடல் காட்சிகளில் படத்துண்டு முடியும் இடத்திலேயே ஒலித்துண்டும் முடிவது அபூர்வம்.