கிளாஸ் திறன்களில் கைவைக்கும் முன்: டி.எம்.களுக்குச் சில வார்த்தைகள்

கும்பகோணத்தில் கட்டணம் பெற்றுக்கொண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டங்களை நடத்திக்கொடுப்பது என் தொழில். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம் அது. கதையை நடத்தி விதிகளைத் தீர்மானிப்பவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்). ஃபைட்டர் (போர்வீரர்), விஸார்ட் (மந்திரவாதி) என்று பாத்திரம் எந்த வகை என்பதுதான் கிளாஸ். தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், தங்கள் குழுவில் ஆட்டம் முறிந்துபோகும்போது யோசனை கேட்டு வருவார்கள். அண்மையில் வந்த ஒரு மாணவர் தன் கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் விவரத்தாளை, மேசைமேல் விரித்தார். ஐந்தாம் நிலை ஃபைட்டர். ஆயுதங்களுக்கான கட்டத்தில் கிரேட்ஸ்வோர்ட் (பெரிய வாள்) என்று எழுதி அடித்து, அதன் கீழே மறுபடியும் எழுதி அடித்து, மூன்றாவதையும் அடித்ததில் தாளே நைந்துபோயிருந்தது. தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் உடையும் என்பது அவர்களுடைய டி.எம். போட்ட ஹவுஸ் ரூல், அதாவது விதிநூலில் இல்லாத சொந்த விதி. "விதி எல்லாருக்கும் பொதுதானேன்னு சொல்றாங்க அண்ணே, நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். இந்தக் கேள்வி என்னிடம் வருவது இது முதல் முறையன்று; இனியும் வாய்மொழியாகவே பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை.

விதி பொதுவாக இருப்பதால் அதன் சுமையும் பொதுவாகிவிடாது. ஐந்தாம் நிலை ஃபைட்டர் ஒரு சுற்றில் இரண்டு முறை தாக்குகிறார். சண்டை ஐந்து சுற்று நீடித்தால் பத்து முறை பகடை வீசுகிறார். இருபது பக்கப் பகடையைப் பத்து முறை வீசினால் ஒரு தடவையாவது 1 விழும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. முதல் நிலையில், ஐந்தே வீச்சுகளோடு இருந்தபோது, அதே வாய்ப்பு சுமார் 23 விழுக்காடாகத்தான் இருந்தது. பதினோராம் நிலையில் மூன்று தாக்குதல்கள் வந்ததும் அது 54 விழுக்காட்டை எட்டும். இருபதாம் நிலையில் நான்கு தாக்குதல்களோடு 64 விழுக்காட்டுக்கு ஏறும். அதாவது, வாள் வித்தையில் தேறத் தேற அந்த வீரர் தன் வாளை மேலும் மேலும் அடிக்கடி உடைத்துக்கொள்வார். எந்தச் சிலம்ப ஆசானிடமாவது போய், பயிற்சி கூடினால் கம்பு கைநழுவுமா என்று கேட்டுப் பாருங்கள். மறுபுறம், அதே மேசையிலிருக்கும் விஸார்ட் ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) வீசும்போது தாக்குதலுக்கான பகடையை உருட்டுவதே இல்லை. எதிரிகள்தான் தப்பிக்கப் பகடை உருட்டுகிறார்கள். ஆகவே அந்தப் 'பொது' விதி அவரைத் தொடவே தொடாது. மூல விதியில் 1 விழுந்தால் அந்தத் தாக்குதல் தவறும், அவ்வளவுதான். வாள் உடைவதோ, தோழன்மேல் அம்பு பாய்வதோ, கால் இடறி விழுவதோ அதில் இல்லை.

அடுத்தது, தந்திரத்தால் பிழைக்கும் கிளாஸான ரோக்கின் ஸ்னீக் அட்டாக்; தாக்குதல் பட்டால் சேதத்துக்குக் கூடுதல் பகடைகள் தரும் திறன் அது. ஒளிந்திருந்தால் மட்டுமே அது செல்லும் என்று நம்பிக்கொண்டு, அதையே சட்டமாக்கிவிடுகிறார்கள். தாக்குபவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) இருந்தால் போதும். அது இல்லாவிட்டாலும், தாக்கப்படுபவரின் மற்றோர் எதிரி செயலிழக்காமல் ஐந்தடிக்குள் நின்று, ரோக்குக்கு டிஸ்அட்வான்டேஜும் (இரண்டில் தாழ்ந்ததை எடுப்பது) இல்லாதிருந்தால் போதும். ஆயுதம் லாவகமாகக் கையாளும் ஃபினெஸ் வகையாகவோ தொலைவிலிருந்து தாக்குவதாகவோ இருக்க வேண்டும். ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான். ஐந்தாம் நிலையில் ஷார்ட்ஸ்வோர்டோடு சராசரியாக 18 புள்ளிச் சேதம் செய்யும் ரோக், இந்தத் திறனைப் பறித்தால் 7.5 புள்ளிக்கு இறங்கிவிடுவார். அருகில் நிற்கும் ஃபைட்டர் கிரேட்ஸ்வோர்டால் இரண்டு வெட்டும் பட்டால் 22 புள்ளிச் சேதம் செய்கிறார். மூன்று கூடுதல் பகடைகளைப் பார்த்து மிரண்டு தடை போடும் அதே டி.எம்., இருபதடி ஆரத்துக்குள் உள்ள அத்தனை பேர்மீதும் எட்டுப் பகடை விழும் ஃபயர்பாலைப் புன்னகையோடு அனுமதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓய்வு விதியில் நடப்பது இன்னும் நுட்பமானது, அதில் கெட்ட எண்ணமும் இல்லை. நம் பக்கத்தில் பெரும்பாலோர் இரவுக் கடைசிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒரு சண்டைதான் முடிகிறது. எனவே ஒவ்வோர் அமர்வும் முழு ஓய்வோடு, செலவான சக்திகள் திரும்பிய நிலையில், தொடங்கும் என்று வசதிக்காக விதித்துவிடுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் விதிநூல், ஒரு சாகச நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களையும் இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்டுகளையும் (குறுகிய ஓய்வுகள்) எண்ணி வகுக்கப்பட்டது. மந்திரம் போடும் மற்றொரு கிளாஸான வார்லாக்குக்கு ஐந்தாம் நிலையில் மந்திர இடங்கள் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) இரண்டே. அவை ஷார்ட் ரெஸ்டில் திரும்புவதால் நாளொன்றுக்கு ஆறாகின்றன. விஸார்டுக்கு ஒன்பது இருக்கின்றன, ஆனால் அவற்றை நாள் முழுவதற்கும் பார்த்துப் பார்த்துச் செலவிட வேண்டும். ஒரே சண்டையோடு நாள் முடிந்தால் வார்லாக்கிடம் இரண்டு, விஸார்டிடம் ஒன்பது, அதுவும் வாரி இறைக்க. மங்க் என்ற துறவி வீரரும் இதே பாடுதான் படுகிறார். பேருந்துக்காக அமர்வை முடியுங்கள், கதையிலுள்ள சாகச நாளை முடிக்காதீர்கள். மீதமுள்ள உயிர்ப்புள்ளிகளையும் மந்திர இடங்களையும் பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டு எழுந்தால், அடுத்த வாரம் அதே குகைவாசலிலிருந்து தொடரலாம்.

ஹவுஸ் ரூலே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்துக் குப்பியைக் குடிப்பதை, தாக்குதலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனாக்குவது பல மேசைகளில் வழங்கிய ஹவுஸ் ரூல்தான். 2024ஆம் ஆண்டு விதிநூலில் அது முறையான விதியாகவே ஏறிவிட்டது. எல்லாருடைய கையிலும் குப்பி இருக்கிறது, அதனால் ஒருவருக்கும் இழப்பில்லை. கிளாஸ் திறன் அப்படிப்பட்டதன்று. அதற்காகத்தான் ஆட்டக்காரர் அந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதை வெட்டுவது அடிமடியில் கைவைப்பது.

மாற்றியே தீரவேண்டுமென்றால், கேரக்டர் உருவாக்கும் முன்பே, செஷன் ஜீரோவில் (ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும் அமர்வு), எழுதிக் கொடுத்துவிடுங்கள். தாயம் ஆட உட்காரும்போதே வெட்டாமல் பழமேறலாமா என்று கேட்டுத் தெளிந்துகொள்கிற ஊர்க்காரர்கள் நாம். காய் பாதி வழியில் இருக்கும்போது யாரும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஒரு விதியை எழுதியதும் ஒவ்வொரு கிளாஸின் தாளையும் எடுத்துவைத்து, இது இவரை எத்தனை முறை தொடும் என்று எண்ணிப் பாருங்கள். நான் எந்தக் குழுவுக்கும் முதலில் செய்வது இதைத்தான். ஒரு திறன் அளவு மிஞ்சுவதாகத் தோன்றினால் எதிரிகளைப் பரப்பி நிறுத்துங்கள், அல்லது களத்தை மாற்றுங்கள், திறனை அப்படியே விட்டுவிடுங்கள். நடுவழியில் மாற்ற நேர்ந்தால், அந்த ஆட்டக்காரரிடம் மற்றவர்கள் வருமுன் தனியாகப் பேசுங்கள். வேறு கிளாஸுக்கு இழப்பின்றி மாறிக்கொள்ள இடம் கொடுங்கள். புத்தகம் விலை அதிகம், அதனால் வீடியோ பார்த்தே கற்றோம் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் மேலே சொன்ன ஸ்னீக் அட்டாக் விதி அதில் சில வரிகள்தான்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று. விதி உங்களை மட்டும் வதைக்கிறது என்று தெரிந்தால் வாய்மூடி மூன்று மாதம் பொறுத்துவிட்டுக் குழுவைவிட்டு விலகிவிடாதீர்கள். உங்கள் தாளையும் விஸார்டின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சண்டையில் யார் எத்தனை முறை பகடை வீசுகிறார் என்று டி.எம்.முக்குக் காட்டுங்கள். அந்த மாணவரும் அப்படித்தான் செய்தார், அவருடைய டி.எம். கணக்கைப் பார்த்த அன்றே அந்த விதியை எடுத்துவிட்டார்.