641 எங்கிருந்து வந்தது?

4294967297. நம் வழக்கில் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதில் ஒன்று குறைத்தால் கம்ப்யூட்டர்காரர்களுக்கு நன்கு பழகிய எண் வரும்: 2-இன் 32ஆம் அடுக்கு, அதாவது ஐபிவி4 (இணையத்தில் கணினிகளுக்கு எண் முகவரி தரும் முறை) முகவரிகளின் மொத்த எண்ணிக்கை. வம்பெல்லாம் அந்தக் கூடுதல் ஒன்றில்தான்.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், விடையோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இது இப்படியே போகும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் மட்டும் கையில் இல்லை. அடுத்து வருவது நம் எண். இதுவும் பகா எண்தானா?

இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 எதற்கும் மசியாது. கண்ணை மூடிக்கொண்டு சோதித்தால் 65536 வரையுள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அப்படிச் செய்யவில்லை.

இந்த எண்ணை வகுக்கும் ஒரு பகா எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8 என இரட்டித்தபடி, அதால் வகுத்த மீதியை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால், 32ஆவது படியில் மீதி −1-க்குச் சமம் (அதாவது ஒன்று கூட்டினால் சரியாக வகுபடும்). 64ஆவது படியில்தான் முதன்முறையாக 1. அப்புறம் அதே சுற்று திரும்பும். ஆனால் பகா எண்ணை விட ஒன்று குறைவான படியிலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆக, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு. வேடிக்கை என்னவென்றால், 'வந்தாக வேண்டும்' என்ற அந்த விதியும் ஃபெர்மா சொன்னதுதான்!

இந்தச் சல்லடையில் தேறும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே சிக்கிவிட்டது. 641 × 6700417 = 4294967297. ஆய்லர் இதைச் சொன்னது 1732-இல்.

நீளமான வகுத்தல் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். 641 என்பது 625 + 16. இரண்டு பக்கமும் 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்குங்கள். 625 இருக்கும் பகுதி 640-இன் 4ஆம் அடுக்காகிவிடும் (640 = 5 × 128); 16 இருக்கும் பகுதி 2-இன் 32ஆம் அடுக்கு. மொத்தம் 641-இன் மடங்கு. சரி, 640-இன் 4ஆம் அடுக்கில் 1 குறைத்தால் அதுவும் 641-ஆல் வகுபடும். 640 + 1 அதன் காரணி அல்லவா? முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவது 2-இன் 32ஆம் அடுக்கும் ஒன்றும், அதாவது நம் எண்ணேதான். எனக்கு இந்தச் சிறு கணக்கு பெரிய தேற்றங்களை விடப் பிடிக்கும்.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. 2-இன் அடுக்கு 16777216 ஆகும்போது வருவது 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். அது பகா எண் அல்ல என்று கணினி வைத்து நிரூபித்தாயிற்று. அதை வகுக்கும் எண் ஒன்றையாவது காட்டு என்றால், யாரிடமும் இல்லை.