பிரிண்ட் மொழிக்குள் இருக்க வேண்டுமா?

பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதிய நிரலைப் பைத்தான் 3-இல் ஓட்டிப் பார்த்தவர்கள் பலரும் முதலில் தடுக்கி விழுந்தது, திரையில் ஒன்றைக் காட்டச் சொல்லும் பிரிண்ட் வரியில்தான். அதுவரை மொழியின் இலக்கணத்திலேயே தனிக் கட்டளையாக இருந்த பிரிண்ட், 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல் ஒரு சாதாரண ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல்துண்டு, ஆகிவிட்டது. அடைப்புக்குறி போடாத பழைய வரிகள் எல்லாம் பிழையாயின. இத்தனை பேருக்குச் சிரமம் கொடுத்து இதை ஏன் செய்தார்கள்?

ஓர் எண் திரைக்கு வந்து சேரும் வழியைப் பார்த்தால் காரணம் பிடிபடும். நினைவகத்தில் 42 என்பது இரும எண்ணாக இருக்கிறது. முதலில் அதை '4', '2' என்று இரண்டு எழுத்துகளாக மாற்ற வேண்டும். அப்புறம் அந்த எழுத்துகளை யுடிஎஃப்-8 போன்ற ஒரு முறைப்படி பைட்டுகளாக்க வேண்டும். அவை திரைக்கா, கோப்புக்கா, வலையமைப்புக்கா என்று முடிவாக வேண்டும். கடைசியாக, எப்போது அனுப்புவது என்ற கேள்வி. ஒவ்வொரு எழுத்துக்கும் இயங்குதளத்தைக் கூப்பிட்டால் வேகம் படுத்துவிடும். அதனால் பைட்டுகளைப் பஃபர் என்ற இடைத்தொட்டியில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புகிறார்கள். சி மொழியோடு வரும் நூலகம், அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு, வழக்கமாக, வெளியீடு திரைக்குப் போகிறது என்றால் வரிக்கு வரி அனுப்பும். கோப்புக்குப் போகிறது என்றால் தொட்டி நிரம்பும்வரை காத்திருக்கும். நிரல் நடுவில் செத்துப்போகும்போது கடைசிச் சில வரிகள் கோப்பில் இல்லாமல் போவது இதனால்தான். பிழை எங்கே என்று தேடுகிறவரை இது தவறான இடத்துக்கே அழைத்துப் போய்விடும்.

எழுத்தாக்குவது, பைட்டாக்குவது, எங்கே, எப்போது: இந்த நான்கில் எதற்கும் மொழியில் தனி இலக்கணம் தேவையில்லை. இருந்தும் இலக்கணத்துக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பைத்தான் 2 நல்ல சாட்சி. அடுத்த வரிக்குப் போக வேண்டாம் என்றால் கடைசியில் ஒரு கமா போட வேண்டும். கோப்புக்கு அனுப்ப 2.0 பதிப்பில் >> என்ற குறியைச் சேர்த்தார்கள். மதிப்புகளுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் கோடு போட வேண்டும் என்றாலோ அதற்கு வழியே இல்லை. ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு புதுக் குறி வேண்டியிருந்தது. ஃபங்ஷன் ஆனபின் பிரிப்பான், வரிமுடிவு, கோப்பு எல்லாம் பெயரிட்ட அளவுருக்களாக (ஃபங்ஷனுக்குப் பெயர் சொல்லித் தரும் மதிப்புகளாக) உள்ளே வந்தன. பஃபரை உடனே காலிசெய்யச் சொல்லும் வசதி 3.3-இல் வந்தபோது இலக்கணத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாமே வேறொரு பிரிண்ட் எழுதி அதன் இடத்தில் வைக்கவும் முடிந்தது.

பாஸ்கல் மொழியில் அச்சிடும் ரைட்எல்என் இன்னும் தெளிவான உதாரணம். பார்ப்பதற்கு அது சாதாரணச் செயல்முறைபோல இருக்கும். ஆனால் எத்தனை மதிப்பையும், எண்ணோ எழுத்தோ எந்த வகையையும் ஏற்கும். கோலன் போட்டு அகலமும் தசம இடங்களும் சொல்லலாம். அப்படி ஒன்றை நாம் எழுத முயன்றால் மூல பாஸ்கல் அனுமதிக்காது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட சலுகை அது. இதை நான் மொழியின் குறையாகவே பார்க்கிறேன்.

அதற்காக வெளியீட்டைக் கண்டுகொள்ளாமலே விடவும் முடியாது. ஆல்கால் 60 என்ற பழைய மொழியை வரையறுத்த அறிக்கை உள்ளீடு, வெளியீடு எதையும் வரையறுக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். ஒரு கணினிக்கு எழுதிய நிரலை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது கடினமானது. சி நடுவழியைப் பிடித்தது: மொழிக்குள் எதுவும் இல்லை, ஆனால் தர நூலகத்தில் பிரிண்ட்எஃப் உண்டு. அந்த மாதிரி ஃபங்ஷனை நாமும் எழுதலாம்.

ஆனால் சி-யின் வழியில் ஓர் ஓட்டை இருந்தது. எதை எந்த வடிவில் அச்சிடுவது என்று சொல்லும் எழுத்துத் தொடரான வடிவச் சரத்தில் சொன்னதும் பின்னால் கொடுத்த மதிப்புகளும் பொருந்துகின்றனவா என்று மொழி கட்டாயம் சரிபார்ப்பதில்லை. பிரிண்ட்எஃப்பின் குறிகளில் ஒன்று, இதுவரை எத்தனை எழுத்து அச்சானது என்பதை நினைவகத்தில் எழுதவும் செய்யும். வெளியார் தந்த சரத்தை அப்படியே வடிவச் சரமாகக் கொடுத்துவிட்டால், அந்த ஆள் நம் நினைவகத்தில் எழுத முடியும். 2000-ஐ ஒட்டி இந்த வகைத் தாக்குதல்கள் பரவலாகத் தெரியவந்தன.

ஆக, நூலகம் மட்டும் போதாத இடமும் இருக்கிறது. அந்த இடத்தில் மொழி என்ன கொடுக்க வேண்டும்? ரஸ்ட் மொழியின் விடை எனக்குப் பிடித்தது. வடிவச் சரத்தைக் கம்பைல் செய்யும்போதே படித்துச் சரிபார்க்கும் ஒரு சிறு கருவி மட்டும் கம்பைலருக்குள் இருக்கிறது. அச்சிடும் மேக்ரோ, அதாவது கம்பைல் செய்யும்போது நிரலாக விரியும் சுருக்கம், அதன்மேல் நிற்கிறது. நிகழ்வுகளைக் குறித்து வைக்க நாம் எழுதும் மேக்ரோவும் அதே கருவிமேல் நிற்கலாம். ஜாவா 5, 2004-இல் பிரிண்ட்எஃப்பைக் கொண்டுவந்தபோது, எத்தனை மதிப்பையும் ஏற்கும் வசதியை எல்லா நிரலருக்கும் சேர்த்தே கொடுத்தது. மதிப்புகளைச் சரத்துக்குள்ளேயே பொதிந்து எழுத உதவும் பைத்தான் 3.6-இன் எஃப்-ஸ்ட்ரிங் அச்சிடுவதே இல்லை. அது ஒரு சரத்தைத் தருகிறது. பிழைச்செய்தியோ, கோப்புப் பெயரோ, எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். புது வசதி ஒன்றை யாராவது முன்மொழிந்தால் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: அச்சிடுவதைத் தவிர வேறெதற்காவது இது உதவுமா?

புதிதாகக் கற்பவரின் வசதி என்ற எதிர்வாதம் நியாயமானதுதான். ஒரு வரி காட்ட ஜாவாவில் எழுத வேண்டியிருந்த சடங்குகள் கொஞ்சநஞ்சமல்ல. 2025-இல் வந்த ஜாவா 25 அதைச் சுருக்கியது. அங்கும் வெளியீட்டுக்கென்று புது இலக்கணம் வரவில்லை; ஐஓ என்ற சாதாரண வகுப்பு ஒன்றுதான் வந்தது. முன்னோட்டப் பதிப்புகளில் ஐஓ என்ற முன்னொட்டு இல்லாமலே எழுத முடிந்தது. இறுதி வடிவில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பெர்ல் மொழியின் 5.10 பதிப்பு, 2007-இல் அச்சிடுவதற்கு 'சே' என்ற சொல்லைச் சேர்த்தபோது, கேட்பவருக்கு மட்டும்தான் அதை இயக்கிவிட்டது. ஏற்கெனவே அந்தப் பெயரில் ஃபங்ஷன் எழுதி வைத்திருப்பவரின் நிரல் உடையக் கூடாதல்லவா?

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. 'தமிழ்' என்ற சொல்லை 10 இட அகலத்தில் அச்சிடச் சொல்லுங்கள். நமக்கு அது 3 எழுத்து. யூனிகோடில் 5 குறிகள், யுடிஎஃப்-8-இல் 15 பைட்டுகள். சி-யின் பிரிண்ட்எஃப் பைட்டை எண்ணுவதால் 10-ஐத் தாண்டிவிட்டது என்று நினைத்து இடைவெளியே விடாது. பைத்தான் குறிகளை எண்ணி 5 இடம் விடும். இரண்டிலும் பட்டியலின் பத்திகள் நேராக நிற்காது. இந்த எண்ணும் முறை மொழியின் இலக்கணத்தில் உறைந்திருந்தால் அடுத்த பெரிய பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். நூலகத்தில் இருந்தால், எழுத்தை எழுத்தாக எண்ணும் ஒரு ஃபங்ஷனை இன்றே எழுதி மாட்டிக்கொள்ளலாம்.