மெமரி மிச்சம், முகவரி இல்லை

நல்லூர்த் திருவிழாக் காலம். யாழ்ப்பாணத்தில் இருந்தபடி, மும்பையிலுள்ள அமேசான் கிளவுட்டில் குபர்நெட்டீஸ் கிளஸ்டர் ஒன்றை (பல சேர்வர்களைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் தொகுதி) நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடர்கள் குவிகின்றன, உங்கள் புரோகிராம் ஓடும் சிறு அலகுகளான பொட்களைக் கூட்டுகிறீர்கள். சேர்வர்களில் பாதி மெமரி சும்மா கிடக்கிறது. ஆனாலும் புதிய பொட்கள் 'பென்டிங்' என்ற காத்திருப்பு நிலையிலேயே நிற்கின்றன. தீர்ந்துபோனது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்.

ஒவ்வொரு பொட்டுக்கும் சொந்த ஐபி வேண்டும் என்பது குபர்நெட்டீஸின் விதி. ஆனால் அதைக் கொடுக்கும் வேலையைக் குபர்நெட்டீஸ் செய்வதில்லை. சிஎன்ஐ பிளகின் என்ற சிறு புரோகிராமிடம் விட்டுவிடுகிறது. பொட் பிறக்கும்போது 'ஆட்' என்ற கட்டளை பிளகினுக்குப் போகும். அது இரு முனைகள் கொண்ட மெய்நிகர் கேபிள் ஒன்றை உருவாக்கி, ஒரு முனையைப் பொட்டுக்குள்ளும் மறுமுனையைச் சேர்வரிலும் பொருத்தி, முகவரி கொடுத்து, பாதையையும் எழுதிவைக்கும். பொட் அழியும்போது 'டெல்' வரும். முகவரி திரும்பிப் போகும்.

முகவரி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பிளகின்கள் வேறுபடுகின்றன. ஃபிளானல் என்ற பிளகின் வழக்கமாகத் தனக்கென ஒரு முகவரி வரிசையை வைத்துக்கொண்டு, பொட்டின் பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) சேர்வரின் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும். உறவினருக்கான பார்சலை, கொழும்புக் கடையொன்றின் முகவரி எழுதிய பெட்டிக்குள் வைத்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவதைப் போல. இந்த வெளிப்பெட்டிக்கு 50 பைட் போகும். 1500 பைட் பாக்கெட்டில் பொட்டுக்கு 1450தான் மிச்சம். இதைச் சரியாக அமைக்காவிட்டால் சிறிய கோரிக்கைகள் போகும், பெரியவை தொங்கிக்கொண்டு நிற்கும். தேடிப் பிடிக்க மிகவும் கடினமான கோளாறு இது.

அமேசானின் பிளகின் உறை போடாது. சப்நெட்டின் (உங்கள் கிளவுட் நெட்வொர்க்கில் சேர்வர்கள் இருக்கும் பகுதி) முகவரியையே நேரடியாகப் பொட்டுக்குக் கொடுக்கும். வேகம் நன்று, ஆனால் கணக்கு இறுக்கமானது. எம்5.லார்ஜ் சேர்வரில் 3 நெட்வொர்க் கார்டுகள், ஒவ்வொன்றிலும் 10 முகவரிகள். கார்டுக்கு ஒன்று அதற்கே போக மிச்சம் 27. விதிவிலக்காகச் சேர்வரின் முகவரியையே பயன்படுத்தும் சிஸ்டம் பொட்கள் இரண்டையும் சேர்த்தால் உச்சவரம்பு 29. எட்டு ஜிபி மெமரியில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் முப்பதாவது ஏறாது. பெரிய சேர்வருக்கு டொலரில் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பதினாறு பதினாறாக முகவரிக் கட்டுகளை ஒதுக்கும் வசதி 2021இல் வந்தது. அதை இயக்கினால் அதே சேர்வரில் 110 பொட்கள் வரை வைக்கலாம். ஆனால் கட்டில் 16 முகவரிகளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். /24 என்ற அளவுள்ள சப்நெட்டில் பயன்படுவதோ 251 முகவரிகள்தான். துண்டு துண்டாக நிரம்பியிருந்தால் கட்டு கிடைக்காது. சப்நெட்டின் அளவைப் பிறகு மாற்றவும் முடியாது. எனவே தொடக்கத்திலேயே அதைவிடப் பெரிய /20 எடுங்கள்: 4091 முகவரிகள் கிடைக்கும், தனியார் முகவரிகளுக்குக் கட்டணமும் இல்லை.