வீகன்: நனிசைவம் என்றால் போதுமா?

இறைச்சியோடு பால், முட்டை என்று விலங்கிலிருந்து வரும் எதையும் விலக்குபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வேகன், வேகான், வீஜன் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். தமிழில் அதற்கு 'நனிசைவம்' என்கிறார்கள், அது போதுமா என்று பிறகு பார்ப்போம். வீகன் என்பதே சரி. இந்தச் சொல்லை உருவாக்கியவர்களே தங்கள் தொடக்ககால இதழில் இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று அச்சிட்டார்கள்.

சொல் பிறந்த ஆண்டு 1944, மாதம் நவம்பர், இடம் இங்கிலாந்து. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டொனால்ட் வாட்சன், மரவேலை கற்றுக்கொடுத்த ஆசிரியர். சிறுவயதில் உறவினர் பண்ணையில் பன்றி அறுபடுவதைப் பார்த்தவர், 14 வயதில் இறைச்சியை விட்டார். பாலுக்குப் பின்னாலும் கொலை இருக்கிறது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அங்கே 1847இலேயே தொடங்கிய மரக்கறியாளர் சங்கம் ஒன்று இருந்தது. பாலும் முட்டையும் தவிர்ப்பவர்களுக்கு அதன் இதழில் ஒரு பகுதி ஒதுக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. சரி, நாமே தொடங்குவோம் என்று சிலர் சேர்ந்து ஒரு சிறு மடல் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் தேவைப்பட்டது. டெய்ரிபேன், விட்டன், பெனவோர் என்றெல்லாம் யோசித்தார்கள். கடைசியில் 'விஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டி 'வீகன்' ஆக்கினார்கள். மரக்கறி உணவின் தொடக்கமும் முடிவும் இதுவே என்பது வாட்சன் சொன்ன காரணம்.

ஆரம்பத்தில் இது உணவைப் பற்றிய சொல்தான். பொருள் பிறகு விரிந்தது. உணவுக்கோ உடைக்கோ வேறெதற்குமோ விலங்குகளைச் சுரண்டுவதையும் அவற்றுக்குக் கொடுமை செய்வதையும் இயன்றவரை, நடைமுறையில் முடிந்தவரை விலக்க முயலும் வாழ்க்கைமுறை என்றுதான் வாட்சன் தொடங்கிய சங்கம் இன்று விளக்குகிறது. 'இயன்றவரை' என்ற சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. வீகன் என்றால் துளிப் பிழை இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டு, "மருந்து மாத்திரையின் உறை எதில் செய்தது தெரியுமா?" என்று மடக்கப் பார்க்கிறார்கள். ஜெலட்டினில் செய்த உறைகள் உண்டு, அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. அதற்காக நோயாளி மருந்தை விட வேண்டும் என்று அந்த வரையறை கேட்கவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். உணவைக் குறிக்க நம்மிடம் புழங்கும் சொல் 'சைவம்'. சிவனைச் சார்ந்தது என்பது அதன் நேர்ப்பொருள். சமயப்பெயர் சாப்பாட்டுக்குப் பெயராகி, பிறகு அசைவம் என்ற எதிர்ச்சொல்லும் பிறந்தது. இலங்கையில் 'சைவக்கடை' என்றால் மதம் கேட்காமலே எல்லாருக்கும் புரியும். ஆனால் நம் சைவச் சாப்பாட்டில் மோர், தயிர், நெய், பால்பாயசம் எல்லாம் உண்டு. 'சுத்த சைவம்' என்று பலகை வைத்த கடையில்தான் நெய்ரோஸ்ட் பேர் போனதாக இருக்கும்.

அந்தச் 'சுத்தம்' என்ற சொல் எனக்கு உறுத்தும். சைவம் என்பது நம் ஊரில் உண்பவரின் தூய்மையைப் பேசுகிறது. யார் சமைத்தார், எந்தப் பாத்திரம், எந்தத் தெரு, யாருக்கு வாடகைக்கு வீடு தரலாம் என்பதுவரை அது நீள்கிறது. சாதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீகன் என்பதன் அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. உண்பவர் கெட்டுப்போகிறாரா என்பது அங்கே கேள்வி இல்லை. மாட்டுக்கும் கோழிக்கும் என்ன நடந்தது, அதை நடத்தச் சொல்லிப் பணம் கொடுத்தது யார் என்பதே கேள்வி. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்பவர் நெய்யும் பட்டும் தோல்செருப்புமாக வாழலாம். அவரைச் சைவர் என்று சொல்லலாம், வீகன் என்று சொல்ல முடியாது.

பணம் கொடுப்பவரைப் பற்றிய இந்தக் கேள்வி தமிழில் புதிதல்ல. புலால் மறுத்தல் அதிகாரத்தில் 256ஆம் குறள்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்காக ஊன் விற்பவரும் இருக்க மாட்டார். 'கொன்றது நானில்லை, கடையில் இருந்ததை வாங்கினேன், அவ்வளவுதான்' என்ற வாதத்துக்கு நேரான பதில் இது. வாங்குகிறவர்தான் விற்பவரை உண்டாக்குகிறார். நுகர்வோர் பொறுப்பு என்று இன்று பேசுவதெல்லாம் இந்த ஒன்றேமுக்கால் அடியில் இருக்கிறது. அதற்காக வள்ளுவரை வீகன் ஆக்கிவிடக் கூடாது. காதலியின் பற்களில் ஊறும் நீரைப் பாலோடு தேன் கலந்தது போன்றது என்று 1121ஆம் குறள் பாடுகிறது. பாலும் தேனும் அவருக்கு இனிமையின் அளவுகோல்.

பாலுக்கு அந்த 256ஆம் குறளைப் பொருத்திப் பார்த்தால் என்ன வரும்? மாடு கன்று ஈன்றால்தான் பால். சினை ஊசி போட்டு, ஈன்று, கறந்து, மறுபடி ஊசி. பிறக்கும் கன்றில் ஏறக்குறைய பாதி காளை. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் காளை தேவைப்பட்ட காலம் போய், டிராக்டர் வந்துவிட்டது. கலப்பினக் காளைக்கன்றுக்குத் தீவனம் போட்டு வளர்த்துப் பயனில்லை என்று கணக்குப் பார்க்கும் வீட்டில் அது சந்தைக்குப் போகும், அல்லது பாலின்றிச் சாகும். செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து, தாய்மாட்டின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கமும் நம் ஊர்களில் இருந்தது. கறவை வற்றிய மாடும் இதே வழிதான் போகிறது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி ஏறுகிற மாடுகளில் நேற்றுவரை பால் கொடுத்தவையும் உண்டு. இறைச்சித் தொழில் வேறு, பால் தொழில் வேறு என்று பிரிக்க முடியாது.

இதைச் சொல்லும்போது, இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்ணைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. குறள் விரல் நீட்டுவது முதலில் வாங்குகிறவரை நோக்கித்தான். மாற்று இருந்தும், வசதி இருந்தும் வாங்குகிறவர் யோசிக்கட்டும். நம் சமையலில் அந்த மாற்று பழையதுதான். தேங்காய்ப்பால் ஆப்பத்துக்கு உண்டு, நல்லெண்ணெய் உண்டு, இட்லி, சாம்பார், ரசம், பொரியல் எதற்கும் பால் வேண்டாம். தயிர்சாதத்தை விடுவதுதான் கடினம். வைட்டமின் பி12 மாத்திரையை மட்டும் மறக்கக் கூடாது, தாவர உணவில் அது நம்பும் அளவுக்குக் கிடைப்பதில்லை.

காந்தி இந்தச் சிக்கலில் நேரடியாக மாட்டிக்கொண்டவர். கல்கத்தாவில் கறவை மாடுகளைக் கொடுமைப்படுத்திக் கறப்பதைப் பற்றிப் படித்தது ஒரு காரணமாக, தென்னாப்பிரிக்காவில் 1912இல் பாலை விட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவில் கடுமையாக நோய்ப்பட்டபோது மருத்துவர் பால் குடிக்கச் சொன்னார். விரதம் எடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் கஸ்தூர்பா. காந்தி குடித்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உட்கருத்தை விட்டுவிட்டேன் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே வருந்தி எழுதினார். 1931இல் லண்டன் மரக்கறியாளர் சங்கத்தில் பேசியபோது, உடல்நலத்துக்காக மட்டும் இறைச்சியை விடுபவர்கள் நிலைப்பதில்லை, அறம்தான் அடிப்படையாக வேண்டும் என்றார்.

இப்போது 'நனிசைவம்'. வீகன் என்பதற்குத் தமிழில் ஓரளவு நிலைத்திருக்கும் சொல் இது. 'நனி' என்றால் மிகுதி. "உறுதவ நனியென வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள" என்பது தொல்காப்பியம். பாரதியின் 'நற்றவ வானினும் நனி சிறந்தனவே' பள்ளியிலேயே படித்ததுதான். ஆக, நனிசைவம் என்றால் மிகுதியான சைவம், சைவத்துக்கும் மேலே ஒரு படி. சொல் அழகானது, இலக்கணத்துக்கு உட்பட்டது, உணவுக்குப் பொருந்தும். ஆனால் சைவத்தின் மேல் கட்டியதால் அந்தத் தூய்மை வாடையும் கூடவே ஏறிவிடுகிறது. 'அதிசுத்தம்' என்று காதில் விழக்கூடும். தவிர, செருப்பையும் பட்டையும் நனிசைவம் என்று சொல்ல வாய் வராது.

பட்டுக்கூட்டை உள்ளே புழு உயிரோடு இருக்கும்போதே அவித்துத்தான் அறுபடாத நூல் எடுக்கிறார்கள். காஞ்சிப் பட்டுச் சேலை ஒன்றுக்கு இப்படி ஆயிரக்கணக்கான கூடுகள். அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு நூல் எடுக்கும் அகிம்சைப் பட்டும் விற்பனையில் உண்டு. மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். இதெல்லாம் உணவுச் சொல்லுக்குள் அடங்காது.

எனவே என் பரிந்துரை இது. உணவுக்கு நனிசைவம் இருக்கட்டும். வாழ்க்கைமுறைக்கு, வள்ளுவர் அதிகாரத் தலைப்பில் வைத்த 'மறுத்தல்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு 'விலங்குப்பொருள் மறுப்பு' எனலாம். கடையில் நின்று வேண்டாம் என்று சொல்வதுதானே மறுப்பு. தூய்மை அதில் இல்லை, சாதியும் இல்லை. வள்ளலார் வழியினர் சொல்லும் 'கொலை புலை தவிர்த்தல்' நல்ல தொடர்தான், என்றாலும் பாலை அது தொடுவதில்லை. பேச்சில் வீகன் என்றே சொன்னாலும் குறையில்லை.

பொருள் வாங்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய உணவுப் பொட்டலங்களில் சைவத்தைக் காட்டும் பச்சைப்புள்ளி வீகன் குறி அல்ல. பால், தேன், தேன்மெழுகு, பூச்சி சுரக்கும் அரக்கு ஆகியவற்றை இந்திய உணவுச் சட்டம் அசைவத்தில் சேர்க்கவில்லை, அதனால் பளபளக்கும் அரக்குப் பூச்சுள்ள மிட்டாயும் பச்சைப்புள்ளியோடு வரும். வீகன் உணவுக்கென்று தனி விதிகள் 2022இல் வந்தன, அதற்குத் தனிச் சின்னமும் உண்டு. ஓட்டலில் எந்தச் சின்னமும் உதவாது. நனிசைவம் என்றால் பரிமாறுபவர் விழிப்பார், வீகன் என்றாலும் பல இடங்களில் அப்படித்தான். "பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் சேராமல் வேண்டும் அண்ணே, தோசைக்கு எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள்" என்று கேட்டால் சரியாக வந்துவிடும்.