அரசமைப்புச் சட்டமும் அடிப்படை உரிமைகளும்: எந்தப் பிரிவை முதலில் படிக்க வேண்டும்?

ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டம், ஆட்சியை எந்தெந்த அமைப்புகள் எந்த அதிகாரத்துடன் நடத்த வேண்டும் என்று வகுக்கிறது. அந்த அதிகாரம் மனிதர்கள் மீது எதுவரை செல்லலாம் என்ற எல்லையையும் அதுவே வரைகிறது. பேச்சுரிமை, வழிபாட்டு உரிமை, சமத்துவம், காரணமின்றிக் கைது செய்யப்படாமல் இருக்கும் உரிமை போன்றவை இந்த இரண்டாவது பணியைச் சேர்ந்தவை. 1789-இல் பிரெஞ்சு தேசிய சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆவது பிரிவு, உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசமைப்பே இல்லை என்று அறிவித்தது.

ஆனால் உரிமைகளை வரிசையாக எழுதி வைப்பது மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. சோவியத் ஒன்றியத்தின் 1936-ஆம் ஆண்டு அரசமைப்பு, தன் 125-ஆவது பிரிவில் பேச்சு, பத்திரிகை, கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை வழங்கியது. நீதிமன்றத் தீர்ப்போ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இன்றி எவரையும் கைது செய்யக் கூடாது என்று 127-ஆவது பிரிவு கூறியது. அடுத்து வந்த 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அந்நாட்டில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கைதானவரின் குடும்பத்தினர் சென்று முறையிட, அரசுக்குக் கட்டுப்படாத நீதிமன்றம் எதுவும் அங்கே இருக்கவில்லை. ஆகவே ஒரு அரசமைப்பு தமக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்று அறிய விரும்புவோர், உரிமைகளின் பட்டியலைப் படிப்பதற்கு முன், அந்த உரிமை மீறப்பட்டால் யாரிடம் போகலாம் என்று சொல்லும் பிரிவைத் தேடிப் படிப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

இந்திய அரசமைப்பில் அந்தப் பிரிவு 32. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்பதையே அது ஓர் அடிப்படை உரிமையாக வழங்குகிறது. 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றங்களையும் அணுகலாம். இவ்வாறு தாக்கல் செய்யப்படும் மனுக்களில் மிகப் பழமையானதும், என் பார்வையில் மிகவும் மதிப்புள்ளதும் ஆட்கொணர்வு மனுதான். காவலில் வைக்கப்பட்டவரை நீதிபதியின் முன் கொண்டுவந்து நிறுத்தி, எந்தச் சட்டத்தின் அதிகாரத்தில் அவரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அரசு பதில் சொல்ல வேண்டும். பதில் சட்டப்படி நிற்காவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1679-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நடைமுறையை வலுப்படுத்தியது. ஜெர்மனியில், அரசின் செயலால் தம் அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டதாகக் கருதும் எவரும், மற்ற நீதிமன்றங்களில் வழி முடிந்தபின், கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தில் புகார் அளிக்கலாம். பொதுவாக அதற்குக் கட்டணம் இல்லை.

நீதிமன்றம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாது என்று சொல்லலாமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803-இல் மார்பரி வழக்கில் அந்த அதிகாரம் தனக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒரே ஆவணமாகத் தொகுக்கப்பட்ட அரசமைப்பு இல்லாத பிரிட்டனிலோ, 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின்படி, நாடாளுமன்றச் சட்டம் ஒன்று உரிமைகளுடன் முரண்படுகிறது என்று உயர்நிலை நீதிமன்றங்கள் அறிவிக்கலாமே தவிர, அதை நீக்க முடியாது.

எந்த உரிமையும் வரம்பற்றதாக இருப்பது அரிது. வரம்பு விதிக்கும் பிரிவில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்: கட்டுப்பாடு சட்டத்தின் மூலம் விதிக்கப்பட்டதா, அதற்கு நியாயமான நோக்கம் உண்டா, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாமல் இருக்கிறதா. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 36-ஆவது பிரிவு இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

உண்மையான ஆபத்து நெருக்கடி நிலைப் பிரிவில் இருக்கிறது. அதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு வைமார் அரசமைப்பு நல்ல உரிமைகளைக் கொண்டிருந்தது. ஆனால் அதன் 48-ஆவது பிரிவு, அவற்றில் பலவற்றை நிறுத்திவைக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளித்தது. நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்த மறுநாள், 1933 பிப்ரவரி 28 அன்று, அந்தப் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணை தனிமனித சுதந்திரத்தையும் பேச்சுரிமையையும் கடிதங்களின் அந்தரங்கத்தையும் நிறுத்திவைத்தது. நாஜி ஆட்சி வீழும் வரை அது விலக்கப்படவில்லை. இந்தியாவிலும், 1975-இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது, தடுப்புக் காவலில் இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அதற்குப் பின் வந்த 44-ஆவது திருத்தம், உயிர் வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறானது என்று அதே நீதிமன்றம் 2017-இல் கூறியது. காவலில் கிடந்தவர்களுக்கு அது நாற்பது ஆண்டுகள் தாமதமாக வந்த நியாயம். தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி நிலை 21 நாட்களுக்கு மேல் நீடிக்க வேண்டுமானால் தேசிய சபையின் ஒப்புதல் வேண்டும் என்பதும், அப்பிரகடனம் செல்லுமா என்று நீதிமன்றங்கள் ஆராயலாம் என்பதும் இத்தகைய அனுபவங்களோடு வைத்துப் படிக்க வேண்டிய ஏற்பாடுகள்.

பெரும்பான்மை பெற்ற ஓர் அரசு உரிமைகளைத் திருத்தம் மூலமே அகற்றிவிட முடியுமா? ஜெர்மனியின் இன்றைய அரசமைப்பான 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், மனித மாண்பு பற்றிய முதல் பிரிவின் கோட்பாடுகளை எந்தத் திருத்தமும் தொடக் கூடாது என்று 79-ஆவது பிரிவில் தடுத்துள்ளது. இந்தியாவில் 1973-ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி வழக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு 7-க்கு 6 என்ற கணக்கில் முடிவு செய்தது.

வீடு, மருத்துவம் போன்ற உரிமைகளை நீதிமன்றத்தின் மூலம் கேட்டுப் பெற முடியுமா என்பது அரசமைப்பின் சொற்களைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்க அரசமைப்பு அவற்றை நீதிமன்றத்தில் வழக்காடக்கூடிய உரிமைகளாக எழுதியிருப்பதால், கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைப் பொது மருத்துவமனைகளில் பரவலாக வழங்க வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2002-இல் அரசுக்கு உத்தரவிட முடிந்தது.

உள்நாட்டில் உள்ள வழிகள் அனைத்தும் முடிந்த பின்னும் ஒரு வாயில் இருக்கலாம். 1966-ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையோடு சேர்ந்த முதல் விருப்ப நெறிமுறையை நாடு ஏற்றிருந்தால், பாதிக்கப்பட்ட தனிநபர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் எழுத்து மூலம் முறையிடலாம். இந்தியா அந்த உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்தது. விருப்ப நெறிமுறையை ஏற்காததால், இந்திய அரசுக்கு எதிராக இந்த முறையீட்டைச் செய்ய முடியாது.