விதானத்தை இறக்கினால் வயலின் மாறுமா?

"ஒரே அரங்கத்தில் இன்று சிம்பொனி, நாளை சொற்பொழிவு. நடுவில் திரையை இழுத்து, பலகையை இறக்கி ஒலியையே மாற்றிவிடுகிறார்களாம். கேட்கிறவர்களுக்குச் சரி, மேடையில் வாசிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிவது வேறு, நமக்குத் தெரிவது வேறு.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். திரும்பத் திரும்பப் பட்டு மெல்லத் தேய்வது எதிர்முழக்கம். அது 60 டெசிபல் தேய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அரங்கத்தின் முதல் அளவு. 1895-இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொன்னபோது, வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி இதை அளந்தார். கூடம் பெரிதானால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். அவ்வளவுதான் சூத்திரம்.

மாற்றியமைக்கும் அரங்கங்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் திருகுகின்றன. கனத்த திரையை இறக்கினால் உறிஞ்சல் கூடும். சுவிட்சர்லாந்தின் லூசர்னில் 1998-இல் திறந்த அரங்கில் சுவரையொட்டி எதிரொலி அறைகள் இருக்கின்றன. கனமான கதவுகளைத் திறந்தால் அரங்கமே பெரிதாகிவிடும். பாரிஸில் இர்காம் என்ற இசை ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் சுவர் முழுக்கச் சுழலும் முப்பட்டகங்கள். ஒரு முகம் உறிஞ்சும், ஒன்று பிரதிபலிக்கும், ஒன்று சிதறடிக்கும்.

இதெல்லாம் பெரும்பாலும் கீழே உட்கார்ந்திருக்கிறவருக்காக. வாசித்துக்கொண்டே இருப்பவருக்கு, ஒரு ஸ்வரத்தின் வாலை அடுத்த ஸ்வரம் மூடிவிடுகிறது. வில்லைச் சட்டென்று நிறுத்தும்போதுதான் முழக்கம் அவர் காதுக்கு முழுதாகத் தெரியும். வாசிக்கும்போது அவருக்கு வேண்டியது வேறு: தன் ஒலியும் பக்கத்தில் இருப்பவர் ஒலியும் சீக்கிரம் திரும்பி வர வேண்டும். டென்மார்க்கில் ஆண்டர்ஸ் காடே என்ற ஒலியியல் ஆராய்ச்சியாளர் 1980-களில் இதற்கு ஓர் அளவையே வகுத்தார். கருவி இருக்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டரில் மைக் வைத்து, ஒலி கிளம்பிய 20 முதல் 100 மில்லிநொடிக்குள் எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று பார்ப்பது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். வயலினுக்கு மேலே 8 மீட்டரில் விதானம் (ஒலியைத் திருப்பியனுப்ப மேடைக்கு மேல் தொங்கவிடும் பலகை) இருந்தால், போய்வர 16 மீட்டர். சுமார் 47 மில்லிநொடி. காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காது, வயலினின் சொந்த ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். வாசிப்பவர் 'மேடை கைகொடுக்கிறது' என்று உணர்வது இதைத்தான். விதானத்தை 15 மீட்டருக்கு ஏற்றினால் 87 மில்லிநொடி ஆகிறது, கூடவே ஐந்து டெசிபலுக்கு மேல் வலு குறைகிறது. சொந்தக் கருவி அவ்வளவு பக்கத்தில் அலறும்போது அந்த மெலிந்த ஒலி எங்கே கேட்கப்போகிறது! வயலின்காரரின் இடது காதுக்கும் கருவிக்கும் ஒரு சாண் தூரம் இருந்தால் அதிகம். இப்படித் தன் ஒலியே மற்றவர்களை மறைப்பதாலும்தான், கண்ணால் இசை நடத்துநரின் கையைப் பார்த்துச் சமாளிக்கிறார்கள்.

சரி, ரொம்பக் கீழே இறக்கிவிடலாமே என்றால், அப்போது டிரம்பெட்டும் மேளமும் எல்லோர் தலையிலும் கொட்டும். பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்ப்பதால், அதை வாசிப்பவருக்கு விதானத்தைவிடப் பின்சுவர் முக்கியம். ஆளுக்கு ஒரு நியாயம். அதனால் விதானத்தை ஒரே தட்டையாகச் செய்யாமல், கீழ்நோக்கிப் புடைத்த தனித்தனிப் பலகைகளாகத் தொங்கவிடுவதும் உண்டு. பெர்லின் பில்ஹார்மோனி அரங்கின் மேடைமேல் தொங்குபவை அப்படித்தான். புடைப்பு ஒலியைப் பக்கத்துக்குப் பரப்பும், இடைவெளி மிச்சத்தை மேல்வெளிக்கு விடும்.

பலகை சிறிதானால் வேறு வம்பு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், தன்னைவிடச் சிறிய பலகையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நியூயார்க்கில் 1962-இல் திறந்த பில்ஹார்மோனிக் அரங்கில் கூரைக்குக் கீழே 'மேகங்கள்' என்ற பலகைகளைத் தொங்கவிட்டார்கள். அடிநாதம் மெலிந்துபோனது, மேடையில் ஒருவரை ஒருவர் கேட்கவும் முடியவில்லை. 1976-இல் உள்ளே முழுதாக இடித்துக் கட்டினார்கள். அரங்கின் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினால் எதிரொலி போய்விடும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. மீட்டர் கணக்கில் நீண்ட அலையை மெல்லிய கம்பி என்ன செய்யும்? பயனில்லை என்று சபைனே எழுதினார்.

இன்னொரு பக்கமும் உண்டு: அரங்கத்தை மாற்றினால் வாசிப்பும் மாறுகிறது. பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு செல்லோ கலைஞர் ஏழு அரங்கங்களில் வாசித்ததை ஆராய்ந்தார்கள். வேகம், அழுத்தம், ஒலிநிறம் எல்லாம் அரங்கத்துக்கேற்ப நகர்ந்தன. முழக்கம் நீண்டால் வேகத்தைக் குறைப்பவர் உண்டு, ஸ்வரங்களை வெட்டி வாசிப்பவர் உண்டு. அப்படியானால் நாம் இருக்கையில் கேட்கும் மாற்றத்தில் திரையின் பங்கு எவ்வளவு, கலைஞரின் பங்கு எவ்வளவு? ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் டிக்கெட் வாங்குகிறவர் காதுக்கே போகிறது. மேடைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம் என்பது என் கட்சி.

ஒத்திகையில் இன்னொரு சிக்கல். காலி அரங்கம் அதிகமாக முழங்கும். மக்கள் வந்து உட்கார்ந்ததும் உடையும் உடம்பும் உறிஞ்சிவிடும். அதனால் ஒத்திகை நேரத்தில் திரைகளை இறக்கி வைத்து, கச்சேரிக்கு முன் ஏற்றிவிடுவதும் உண்டு. விதானத்தைத் தொட வேண்டியதில்லை. முதல் 100 மில்லிநொடியில் திரும்பும் ஒலி விதானத்திலும் மேடைச் சுவரிலும் பட்டு வருவது. இருக்கைகள் நிறைந்தாலும் அதில் பெரிய மாற்றமிராது.